சந்தேகம்: வாசலைக் கடக்கும் பைகளில் பாதி ரீடரில் பதிவாகவில்லை (அவசரம்)

வேலன்_கோவை, திங்கள் இரவு 10.40
வணக்கம். எங்கள் கூரியர் கிடங்கில் பைகளுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. டேக் (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சில்லு) போட்டு, வெளியேறும் வாசலில் அதைப் படிக்கும் ரீடர் பொருத்தியிருக்கிறோம். டிராலி கடக்கும்போது பத்துப் பைக்கு ஆறோ ஏழோதான் பதிவாகின்றன. பக்கத்து வாசலில் சும்மா கிடக்கும் பைகளோ எங்கள் வண்டிக் கணக்கில் ஏறிவிடுகின்றன. சேலம் பை மதுரை வண்டியில் ஏறிவிட்டதாகத் திரை சொல்கிறது, பை தரையில் கிடக்கிறது. எல்லாம் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறது. வியாழனன்று மேலாளர் பார்வையிட வருகிறார். எந்த அமைப்பை மாற்ற வேண்டும்? உடனே சொல்லவும்.

தென்றல்_84, திங்கள் இரவு 11.05
"எல்லாம் சரி" என்றால் எங்களால் எதுவும் சொல்ல முடியாது, நண்பரே. எந்த ரீடர்? எத்தனை ஆன்டெனா, எந்த உயரத்தில்? டேக் பையின் எந்த இடத்தில் இருக்கிறது? டிராலி மரமா, இரும்பா? பக்கத்து வாசல் எத்தனை அடி தள்ளி?

சாலியூர்க்காரன், திங்கள் இரவு 11.20
ரீடரை விடுங்கள், பைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முறுக்கு, மிக்சர் பொட்டலங்களின் உள்பக்கம் பளபளவென்று இருப்பது அலுமினியப் பூச்சு. அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் அலையைக் குடித்துவிடும். எங்கள் ஊர்ப் பார்சலில் பாதி இதுதான்.

நிழல்வெளி, திங்கள் இரவு 11.31
பூச்சு சரி, ஊறுகாய் சரி. எண்ணெய் தவறு. இந்த அலைவரிசையில் அலையை உறிஞ்சுவது தண்ணீர்தான், எண்ணெய் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

மின்காந்தன், செவ்வாய் காலை 6.10
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ரீடரின் கையேட்டைத் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் அதற்குப் படிக்க வேண்டுமே. உங்கள் ரீடர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்கிறேன். அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் திறந்துவிட்டது 865 முதல் 867 வரை. ரீடரில் நாடு என்ற அமைப்பை மாற்றினால் எல்லாப் பையும் வரிசையாக வந்து நிற்கும்.

நிழல்வெளி, செவ்வாய் காலை 6.42
ஒரு திருத்தம்: 2021இல் அதை 868 வரை நீட்டிவிட்டார்கள். மேலும், சந்தையில் கிடைக்கும் டேக் பெரும்பாலும் 860 முதல் 960 வரை பதில் சொல்லும். நாடு தவறாக இருந்தால் அது சட்டப் பிரச்சினை, பத்தில் மூன்று பை மட்டும் காணாமல் போவதற்கு அது காரணமாகாது.

மின்காந்தன், செவ்வாய் காலை 6.50
867, 868 என்று நூல் பிடிப்பதில் பயனில்லை. கேட்டவர் முதலில் பதில் சொல்லட்டும்.

வேலன்_கோவை, செவ்வாய் காலை 9.15
வேலையில் இருக்கிறேன், சுருக்கமாக. நாடு என்ற இடத்தில் இந்தியா என்றுதான் இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆன்டெனா. டிராலி இரும்புக் கம்பிவலைக் கூண்டு. டேக் பையின் கழுத்தில் தொங்குகிறது. பைகள் பதிவாகாததால் பவரை முழுதும் ஏற்றிவிட்டோம்.

பார்கோடு_பக்தன், செவ்வாய் காலை 9.40
இவ்வளவு பாடு எதற்கு? பைக்கு ஒரு பார்கோடு, கையில் ஒரு ஸ்கேனர். அடித்தால் பீப், அடிக்காவிட்டால் பை இல்லை. பக்கத்து வாசல் பை தானாக வந்து ஏறாது.

தென்றல்_84, செவ்வாய் காலை 9.58
ஒவ்வொரு பையையும் புரட்டி லேபிளைத் தேடும் ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தானே வாசலில் ரீடர் வைக்கிறார்கள்.

சாலியூர்க்காரன், செவ்வாய் காலை 10.12
சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் ஓடும் வண்டியிலேயே படிக்கிறதே. அதுவும் இதே வகை டேக்தானே? அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

நிழல்வெளி, செவ்வாய் காலை 10.30
அங்கே ஒரு வண்டி, ஒரு டேக், முன்கண்ணாடியில் ஒட்டி ஆன்டெனாவை நேராகப் பார்க்கிறது. இங்கே குவியலாகப் பைகள், டேக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும், சுற்றிலும் இரும்பு வேறு.

மின்காந்தன், செவ்வாய் காலை 11.02
பார்கோடு ஆதரவாளருக்கு ஒரு தகவல். ஸ்பீட் போஸ்ட் உறையில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக் குறி என்று 13 குறிகள் இருக்கும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரம் அது. சாதாரண டேக்கில் எண்ணுக்கான இடம் 96 பிட். ஒரு குறிக்கு 8 பிட் என்றால் 104 ஆகிவிடும், இடம் பிடிக்காது. பலர் இது புரியாமல் எழுதி, கடைசி எழுத்து வெட்டுப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

நிழல்வெளி, செவ்வாய் காலை 11.15
குறிக்கு 6 பிட் என்று சுருக்கினால் 78தான், தாராளமாக அடங்கும். கேள்வி உறையைப் பற்றியதும் அல்ல, பையைப் பற்றியது. நாடுவிட்டு நாடு போகும் அஞ்சல் பைக்கான எண் 29 குறிகள் நீளம், அது எப்படிச் சுருக்கினாலும் சிரமம். அதனால் டேக்கில் வெறும் வரிசை எண், மற்ற விவரம் எல்லாம் கணினியில்.

பார்கோடு_பக்தன், செவ்வாய் காலை 11.20
இணையம் போனால்? அப்போது அந்த வரிசை எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பார்கோடு லேபிளில் ஊர்ப் பெயர் கண்ணுக்கே தெரியும்.

தென்றல்_84, செவ்வாய் காலை 11.24
டேக் மேலேயே ஊர்ப் பெயரை அச்சடிக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

மின்காந்தன், செவ்வாய் காலை 11.30
உலக அஞ்சல் ஒன்றியம் தன் கண்காணிப்புத் திட்டத்தில் எல்லாத் தபாலுக்கும் டேக் போடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைக் கடிதங்களுக்குள் மட்டும் டேக்கை வைத்து, அஞ்சலகங்களின் வாசல் ஆன்டெனாவை அவை எப்போது கடக்கின்றன என்று பார்த்துத் தாமதத்தை அளக்கிறார்கள்.

ஆர்எம்எஸ்_ஓய்வு, செவ்வாய் பிற்பகல் 2.20
தம்பி வேலன், நான் ரயில்வே மெயில் சர்வீஸில் பிரிப்பு வேலை பார்த்தவன். உங்கள் கருவி எனக்குத் தெரியாது, பை தெரியும். பையைத் தூக்கிப் போடுகிறவர் கழுத்தைப் பிடித்துத்தான் போடுவார். அடுக்கும்போது கழுத்து மடிந்து அடியில் போய்விடும், மேலே இன்னொரு பை விழும். கழுத்தில் தொங்கும் எதையும் அடுக்கிய பிறகு பார்க்க முடியாது. நாங்கள் லேபிளைப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பையாக இழுத்துத்தான் பார்ப்போம். உங்கள் டேக்கும் அங்கேதான் நசுங்கிக் கிடக்கும். பதிவாகாத பைகள் எப்போதும் அடிவரிசையா என்று பாருங்கள்.

தென்றல்_84, செவ்வாய் பிற்பகல் 2.45
இந்த இழையில் வந்த முதல் உருப்படியான பதில் இதுதான், ஐயா.

நிழல்வெளி, செவ்வாய் பிற்பகல் 3.30
ஆம். அதோடு கூண்டையும் சேர்த்துப் பாருங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். நெருக்கமான கம்பிவலை நம் கண்ணுக்குத் திறந்த வெளி, அந்த அலைக்குக் கிட்டத்தட்டச் சுவர். டேக் கம்பியை ஒட்டிக்கொண்டால் பதிலே சொல்லாது. டேக்கைப் பையின் மேல்பக்கத் துணியில், தைத்த உறைக்குள் வைத்துப் பாருங்கள். நான்கு ஆன்டெனாவில் ஒன்றைத் தலைக்கு மேலே மாற்றினால் கூண்டின் திறந்த மேல்பகுதி வழியாக அலை இறங்கும். வட்டத் துருவமுள்ள (அலை சுழன்றபடி வரும்) ஆன்டெனாதானா என்றும் பாருங்கள். நேர்க்கோட்டுத் துருவம் என்றால் குறுக்காகத் திரும்பிய டேக் அதற்குத் தெரியாது.

பக்கத்து வாசல் பைகளுக்குக் காரணம் நீங்கள் ஏற்றிய பவர். அலை இரும்பில் பட்டுத் தெறித்து அங்கே போகிறது. பவரை இறக்குங்கள். பைகள் விடுபடுவதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம். செஷன் என்று ரீடரில் ஓர் அமைப்பு உண்டு, பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கும் என்பதை அது தீர்மானிக்கும், எஸ்0 முதல் எஸ்3 வரை. அது எஸ்0 என்றிருந்தால், பக்கத்தில் சும்மா கிடக்கும் டேக்குகள் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். டிராலி கடக்கும் சில நொடியில் உங்கள் பைகளுக்கு முறை வராது. எஸ்2 என்று மாற்றி, இலக்கை 'ஏ' மட்டும் (இன்னும் பதில் சொல்லாத டேக்குகளை மட்டும் கேட்பது) என்று வையுங்கள். ஒருமுறை பதில் சொன்ன டேக், அலை அதன்மேல் இருக்கும்வரை வாயைத் திறக்காது. பக்கத்து வாசலிலும் ரீடர் இருந்தால் அதற்கு எஸ்3 கொடுங்கள். இரண்டுக்கும் எஸ்2 என்றால் ஒரு வாசலில் பதில் சொன்ன பை அடுத்த வாசலில் மௌனமாகிவிடும்.

மின்காந்தன், செவ்வாய் மாலை 4.05
இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

சாலியூர்க்காரன், செவ்வாய் மாலை 4.12
எந்தக் கையேடு? ரீடரின் பெயரையே அவர் இன்னும் சொல்லவில்லையே!

தென்றல்_84, செவ்வாய் மாலை 4.40
நிழல்வெளி சொன்னதோடு ஒன்று: வாசலில் ஒரு ஒளி உணரி வைத்து, டிராலி வரும்போது மட்டும் ரீடரை இயக்குங்கள். கிடக்கும் பையின் சிக்னல் வலு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், நகரும் பைக்கு ஏறி இறங்கும். மென்பொருளில் அதை வைத்தும் வடிகட்டலாம்.

பார்கோடு_பக்தன், செவ்வாய் மாலை 5.00
ஆக, பையில் உறை தைக்க வேண்டும், தலைக்கு மேல் ஆன்டெனா, வாசலில் உணரி, மென்பொருளில் வடிகட்டி. ஸ்கேனர் என்ன விலை என்று யாராவது சொல்லுங்களேன்.

ஆர்எம்எஸ்_ஓய்வு, செவ்வாய் மாலை 5.25
தம்பி, ஸ்கேனர் பிடிக்கிறவருக்கும் இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. இரவுப் பணியில் ஒவ்வொரு பைக்கும் குனிந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

வேலன்_கோவை, வெள்ளி காலை 8.50
அடிவரிசைதான். செஷனை மாற்றி, பவரைக் குறைத்தோம். பக்கத்து வாசல் பைகள் இப்போது வருவதில்லை. டேக்கை மேலே தைத்த பைகள் பதிவாகின்றன, மற்றவை இன்னும் அடம் பிடிக்கின்றன. மேலாளர் வந்து போனார். அனைவருக்கும் நன்றி, ஆர்.எம்.எஸ். ஐயாவுக்குத் தனியாக.

நிழல்வெளி, வெள்ளி காலை 9.10
நல்லது. பவரை எவ்வளவில் நிறுத்தினீர்கள்? பக்கத்து வாசல் ரீடருக்கு எஸ்3 கொடுத்தீர்களா?

தென்றல்_84, சனி இரவு 9.30
வேலன்? ரீடரின் பெயரையாவது எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

ஈரோடு_சரக்கு, ஞாயிறு காலை 7.15
எங்களுக்கும் இதே பிரச்சினை. பிளாஸ்டிக் கூடைகளில் பதிவாகின்றன, கோணிப்பைகளில் பதிவாகவில்லை. என்ன செய்வது?

தென்றல்_84, ஞாயிறு காலை 7.40
டேக் எங்கே இருக்கிறது?