புதுக் காருக்கு 1956 என்ற எண் கிடைக்குமா? பிளேட்டைத் தமிழில் எழுதலாமா?

வடசேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் முதல் கார் எடுக்கிறோம். நாகர்கோவிலில் முன்பணம் கட்டியாச்சு, அடுத்த மாதம் வண்டி வந்துவிடும் என்கிறார்கள். டிஎன் 74 தான் வரும். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, கடைசி நாலு எண்ணும் 1956 ஆக இருக்க வேண்டும். காரணத்தைச் சொன்னால் நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே புரியும். தாத்தா புதுக்கடைப் பக்கம்தான். குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட தெற்குத் திருவிதாங்கூர் போராட்டத்தில் தலைவர் நேசமணி பின்னால் நின்றவர், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த காலத்தை வீட்டில் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். 1956 நவம்பர் 1, நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சமம்.

என் சந்தேகங்கள் இவைதான். இந்த எண்ணைக் கேட்டு வாங்க என்ன செய்ய வேண்டும், எப்போது கேட்க வேண்டும்? இரண்டாவது, பிளேட்டில் "தநா 74" என்று தமிழிலேயே எழுதலாமா? ஸ்டிக்கர் கடையில் கேட்டேன், தாராளமாக எழுதித் தருகிறோம், யாரும் பிடிக்க மாட்டார்கள் என்கிறார்கள். அப்புறம் பாறசாலையில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர், கேரளாவில் விருப்ப எண் ஏலம் ஆன்லைனிலேயே நடக்கிறது, என் விலாசத்தில் பதிந்துவிடு என்கிறார். அது சரிவருமா?

ஆர்சி புக்:

தம்பி, வண்டிப் பதிவு வேலையில்தான் இருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். முதலில் நேரம். முன்பெல்லாம் தற்காலிக எண்ணோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு நல்ல நாள் பார்த்து ஆர்டிஓ ஆபீஸ் போவோம் இல்லையா, இப்போது அப்படி இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள், அதன்படி அதே மாநிலத்தில் பதிகிற புது வண்டிக்கு விண்ணப்பத்தை டீலர்தான் போட வேண்டும், எண் ஒதுக்கி அதை வண்டியில் மாட்டிய பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். அதாவது நீங்கள் வண்டி எடுக்கிற அன்று "எனக்கு 1956 வேண்டும்" என்று சொன்னால் ஏற்கனவே வேறு எண் விழுந்திருக்கும். ஒரு வண்டிக்கு எண் விழுந்த பிறகு மனசுக்குப் பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்க முடியாது. நாளைக்கே ஷோரூமில் பதிவு பார்க்கிறவரிடம் போய், இந்த எண் முடிவாகும் வரை என் வண்டியின் விண்ணப்பத்தைப் போடாதீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கூட்டத்தில் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது சீரிஸ் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு எழுத்து வரிசையிலும் எண்கள் 9999 வரை போய் முடிந்ததும் அடுத்த எழுத்து தொடங்கும். இப்போது ஓடுகிற வரிசை 1956ஐ நெருங்கிக் கொண்டிருந்தால் உங்கள் வேலை சுலபம். அதைத் தாண்டிப் போய்விட்டது என்றால் அடுத்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது இன்னும் திறக்காத வரிசையில் இருந்து கேட்க வேண்டும், அதற்கான கட்டணம் ரொம்பப் பெரியது, வரிசை தள்ளிப் போகப் போக ஏறிக்கொண்டே போகும். 0001, 9999 மாதிரி எல்லாரும் அடித்துப் பிடிக்கிற எண்களை அரசே ஒதுக்கி வைத்திருக்கிறது. 1956 அந்த ரகம் இல்லை என்பதுதான் உங்களுக்கு நல்ல விஷயம், உங்களுக்குத்தான் அது பொன், மற்றவர்களுக்குச் சாதாரண எண். கட்டணம் எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், ஆபீஸில் நேரே கேளுங்கள், அரசுக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் "நான் பார்த்துக்கிறேன்" என்று யார் சொன்னாலும் காசு கொடுக்க வேண்டாம்.

களியக்காவிளை கிழக்கு:

பாறசாலை யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். கேரளாவில் ஏலம் நடப்பது உண்மைதான், 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கேஎல் 07 டிஜி 0007 என்ற எண் 45.99 லட்சம் ரூபாய்க்குப் போனது, அது பேப்பரில் எல்லாம் வந்தது. ஆனால் நீங்கள் குடியிருப்பது வடசேரியில், வண்டி ஓடப் போவதும் இங்கே. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் இங்கே புது எண் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 47வது பிரிவு சொல்கிறது. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, கடைசியில் என்ன கிடைக்கும்? டிஎன் 74இல் வேறொரு எண். ஆசைப்பட்டு வாங்கியது கையை விட்டுப் போய்விடும். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது பழகிப்போன கதை, கேஎல் 19, கேஎல் 20 வண்டி வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்த அலைச்சலைப் பட்டவர்கள்தான். அதுவும் போக, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்தைக் கேஎல் பிளேட்டில் போடுவதை உங்கள் தாத்தா ஒத்துக்கொள்வாரா மக்கா?

அலுவலகத்தில் யாராவது பிஎச் சீரிஸ், அதாவது மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிறவர்களுக்கான எண், எடு என்று சொன்னாலும் அதுவும் ஆகாது. அதில் எண்ணை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, தானாக விழுவதுதான்.

தோவாளை பூக்கடை:

1956 கூட்டினால் 21, அதாவது 3. குருவின் எண், நல்ல எண்தான். எங்கள் வீட்டில் இதெல்லாம் பார்க்காமல் எடுக்க மாட்டோம், தைரியமாக வாங்குங்கள்.

குழித்துறை ஆற்றங்கரை:

தமிழ் பிளேட் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஆசை எனக்கும் உண்டு. கடைப் பலகை தமிழில் வேண்டும் என்று சண்டை போடுகிற ஆள் நான். ஆனால் நம்பர் பிளேட் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 50, எழுத்து ஆங்கிலத்திலும் எண் நாம் தினமும் எழுதுகிற 1, 2, 3 வடிவத்திலும்தான் இருக்க வேண்டும் என்கிறது. ௧௯௫௬ என்றோ தநா என்றோ எழுதினால் அது பிளேட் என்ற கணக்கிலேயே வராது. முதல் தடவை 500 ரூபாய் அபராதம், மறுபடி பிடித்தால் 1500. ஸ்டிக்கர் கடைக்காரர் பிடிக்க மாட்டார்கள் என்பார், அபராதம் அவர் கட்டப் போவதில்லை.

உங்கள் விஷயத்தில் கடைக்கே வேலை இல்லை. 2019 ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு தயாரான எந்த வண்டிக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம், அது கம்பெனியில் இருந்து டீலர் வழியாகத்தான் வரும். இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் போட்ட ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ஐஎன்டி, லேசரால் பொறித்த 10 இலக்க அடையாள எண், கழற்றினால் உடைந்துபோகிற பூட்டு. முன், பின் பிளேட் இரண்டும் போக முன் கண்ணாடியில் மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கரும் உண்டு, பெட்ரோல் வண்டி என்றால் வெளிர் நீலம், டீசல் என்றால் ஆரஞ்சு. இதைக் கழற்றிவிட்டுக் கடையில் அடித்த பிளேட்டை மாட்டினால், எண் சரியாக இருந்தாலும் தப்புத்தான். 1956இல் 9ஐயும் 5ஐயும் பெரிதாக்கி வளைத்து எழுதுவது, நடுவில் இடைவெளி விடுவது, பக்கத்தில் கட்சிக் கொடி, சிலுவை, வேல், பிறை, எதுவும் பிளேட்டுக்குள் கூடாது. 2024 மே மாதம் சென்னையில் போக்குவரத்துப் போலீஸ் பிளேட்டில் பிரஸ், போலீஸ், வக்கீல் என்று ஒட்டியதற்கு எல்லாம் வழக்குப் போட்டது நினைவிருக்கும்.

தாத்தாவை நினைத்து ஏதாவது எழுத வேண்டும் என்றால் பின் கதவில், பிளேட்டில் இருந்து தள்ளி, அழகான தமிழில் "1956 நவம்பர் 1" என்று எழுதுங்கள். பார்க்கிறவர்கள் படிப்பார்கள், கேட்பார்கள், நீங்களும் கதை சொல்லலாம். தமிழுக்கு அதுதான் மரியாதை. போலீஸ்காரர் நிறுத்திக் கிழிக்கச் சொல்கிற இடத்தில் தமிழை வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நர்ஸ் அக்கா லண்டன்:

நான் இரணியல்காரி, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை. இங்கே பெயரையே எண்ணாக வாங்குகிறார்களே, நம்ம ஊரில் ஏன் முடியாது என்று தம்பி கேட்டுக்கொண்டே இருப்பான், அதனால் ஒப்பிட்டுச் சொல்கிறேன். இங்கே 1989இல் இருந்து வாகனத் துறையே விருப்ப எண்களை விற்கிறது. வாங்கினால் அந்த எண்ணின் உரிமை ஆளுக்கு வரும், காரை விற்றாலும் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், வேறு காருக்கு மாற்றலாம், மாற்றுவதற்கு 80 பவுண்டு. ஒரு கட்டுப்பாடு உண்டு, பழைய காரைப் புதியது போலக் காட்டுகிற எண்ணை மாட்டக் கூடாது. நம்ம ஊரில் எழுத்தும் நம் கையில் இல்லை, கடைசி நாலு இலக்கம் மட்டும்தான்.

ஆனால் பாருங்கள், எவ்வளவு காசு கொட்டி வாங்கினாலும் பிளேட்டை இஷ்டத்துக்கு எழுத இங்கேயும் விடமாட்டார்கள். எழுத்துரு ஒன்றுதான், உயரம் 79 மில்லிமீட்டர், எழுத்துகளுக்கு நடுவே 11, இரண்டு தொகுதிக்கு நடுவே 33. பதிவு பெற்ற கடையில், அடையாளச் சான்றும் வண்டிக் காகிதமும் காட்டினால்தான் பிளேட்டே செய்து கொடுப்பார்கள். பெயர் மாதிரித் தெரியட்டும் என்று இடைவெளியை மாற்றினால் 1000 பவுண்டு வரை அபராதம், வருஷாந்திரச் சோதனையிலும் வண்டி தோற்கும். எண்ணை வாங்கலாம், பிளேட்டின் வடிவத்தை வாங்க முடியாது. இரண்டு நாட்டிலும் இது ஒன்றுதான்.

வடசேரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பாறசாலை யோசனையை விட்டாச்சு. ஷோரூமில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை அப்பாவோடு ஆர்டிஓ ஆபீஸ் போய் வரிசை எங்கே ஓடுகிறது என்று கேட்கப் போகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பிளேட்டைச் சுற்றி ஃபிரேம் போடலாமா? வீட்டில் 2014 மாடல் ஸ்கூட்டர் இருக்கிறது, தம்பி அதன் பிளேட்டைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறான், அதை என்ன செய்ய?

ஆர்சி புக்:

ஃபிரேம் விளிம்பு ஹாலோகிராமையோ லேசர் எண்ணையோ மறைத்தால் கூடாது. கடையில் விற்கிற பலதும் மறைக்கத்தான் செய்யும், அதனால் போடாமல் இருப்பதே நல்லது. ஸ்கூட்டரை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பின்பக்கம் எழுத்து உயரம் 35 மில்லிமீட்டர், எண் உயரம் 40, தடிமன் 7, இடைவெளி 5. முன்பக்கம் எல்லாமே 30 உயரம், தடிமனும் இடைவெளியும் 5. இந்த அளவைத் தாளில் எழுதிக் கடையில் கொடுங்கள், அவர்களாகச் செய்தால் சாய்த்து எழுதிவிடுவார்கள்.

குழித்துறை ஆற்றங்கரை:

தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் நாம் எல்லாரும் போகிறோம், கேரளாவில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமரா படம் எடுத்து அபராதம் அனுப்புகிறது. எண் சரியாகத் தெரியவில்லை என்றால் யாரோ செய்த தப்பு வேறு யாருக்கோ போகும்.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவரை ராத்திரி ஒரு பைக் தட்டிவிட்டுப் போனது, பின்னால் வந்தவர் துரத்திப் போய்ப் பார்த்தும் பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை, சுழித்து எழுதிய எழுத்து. வண்டி கிடைக்கவே இல்லை. அந்த வீட்டுக்கு இழப்பீடும் இல்லை, ஒன்றும் இல்லை. ரோட்டில் விழுந்து கிடக்கிறவருக்கு அந்த நாலு இலக்கம்தான் கதி, அதை நாம் அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் தெரியாத லாரி டிரைவர்கூட ஒரு நொடியில் படித்து போலீஸில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

வடசேரிக்காரன்:

தம்பிக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் கடைக்குப் போகிறான், அளவு எழுதிய தாளோடு. ஆர்டிஓ ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று நாளை இங்கேயே போடுகிறேன், வேறு யாராவது டிஎன் 74இல் எண் கேட்டு வாங்குவதாக இருந்தால் உதவும்.