அம்மிச்சிக்கு நடை குறைகிறது, வயசுதான் காரணமா?

கோபி தோட்டத்துக்காரர்:
எங்க அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, 74 வயசுங்க. போன வருசம் வரைக்கும் பால் தூக்கோடு சொசைட்டிக்குத் தனியாகப் போய்வருவார், இப்போது பாதி வழியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் கிளம்புகிறார். தூக்கு மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார். 52 கிலோ இருந்தவர் 48க்கு வந்துவிட்டார். சர்க்கரை, பிரஷர் சரியாக இருக்கிறது, வயசாயிருச்சு என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுங்களா?

ஈரோடு பிசியோ:
நீங்க சொன்னதிலேயே பாதி விடை இருக்குங்க. தானாக ஒரு வருசத்தில் 5 சதவீத எடை குறைவது, கையின் பிடி தளர்வது, நடை மெதுவாவது, அடிக்கடி அசந்து போவது, நடமாட்டம் சுருங்குவது, இந்த ஐந்தையும்தான் 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழுவினர் முதுமைத் தளர்ச்சிக்கு அடையாளமாக வைத்தார்கள். ஒன்றிரண்டு இருந்தால் ஆரம்பம், மூன்று இருந்தால் தளர்ச்சியே. 52இல் 4 போனது கிட்டத்தட்ட 8 சதவீதம், சின்ன விசயம் இல்லை.

வாசலில் 4 மீட்டர் இடைவெளியில் கோலப்பொடியால் இரண்டு கோடு போடுங்க. நாலடி முன்னாலிருந்தே வழக்கமான நடையில் வரட்டும், வேகமாக நடக்கச் சொல்லிவிடாதீங்க. கோட்டுக்குக் கோடு 5 வினாடியைத் தாண்டினால் நடை குறைந்திருக்கிறது. அப்புறம் கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, மார்பில் கை கட்டி ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும், நீங்க பக்கத்திலேயே நில்லுங்க. ஆசியர்களுக்கு 2019இல் வகுத்த அளவுப்படி 12 வினாடி ஆனாலே குறைவுதான். பிடியை அளக்க மட்டும் கருவி வேண்டும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது.

பெருந்துறைக்காரி:
எடை ஏன் குறைந்தது என்று விடாமல் கேளுங்க. எங்க அப்பாருக்குப் பல்செட் பொருந்தாமல் மாசக்கணக்கில் வெறும் ரசஞ்சோறுதான், கேட்டால் பசியில்லை என்பார். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்க. மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்க, அதை யாரும் கேட்பதில்லை.

கோபி தோட்டத்துக்காரர்:
பார்த்தேங்க. நடை 6 வினாடி. நாற்காலி 19, நாலாவது தடவையே கையை ஊன்றப் பார்த்தார். கீழ்ப்பல் ஆடுகிறதாம், இன்றைக்குக் கேட்ட பிறகுதான் சொல்கிறார்.

ஈரோடு பிசியோ:
இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரைப் பாருங்க, பல்லையும் காட்டுங்க. அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பைக் கூட்டிப் போட்டு நல்லாக் குழைய விடுங்க, முட்டை சாப்பிடுவார் என்றால் அதுவும். டாக்டர் சரி என்றால் நாற்காலியில் எழுந்து உட்காருவதையே தினமும் பயிற்சியாகச் செய்யலாம், மூன்று மாசம் கழித்து அதே வாசலில் அளந்து இங்கே போடுங்க. சொசைட்டிக்குப் போவதை நிறுத்திவிடாதீங்க, தூக்கை மட்டும் நீங்க வாங்கிக்குங்க.