சிட்னி பால்கனியில் பார்பிக்யூ: வாங்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்

போன சனிக்கிழமை வென்ட்வொர்த்வில் மளிகைக் கடையில் இட்லி அரிசிக்காக நின்றபோது ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தார். திருச்சிப் பக்கம். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். "அண்ணே, வெஸ்ட்மீட்ல நாலாவது மாடி. பால்கனி நல்ல பெருசு. நாலு பர்னர் பார்பிக்யூ ஒண்ணு தள்ளுபடில கெடக்கு. தூக்கிடட்டுமா?" என்றார். வேண்டாம், ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. கடையில் நின்று விளக்க நேரமில்லை, அதனால் இங்கே விவரமாக எழுதுகிறேன். குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும் புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை வரும். எனக்கும் வந்தது. என்னை அப்போது யாரும் தடுக்கவில்லை. அதன் விளைவாகத் தீயணைப்பு வண்டியே வந்தது, அந்தக் கதை கீழே.

முதலில் ஸ்ட்ராட்டா. அடுக்குமாடியில் குடியிருந்தால் இந்த வார்த்தையிலிருந்து தப்பிக்க முடியாது. நம்மூர் ஃப்ளாட் அசோசியேஷன் மாதிரிதான், ஆனால் செயலாளரிடம் சத்தம் போட்டுச் சமாளிக்கிற வேலை இங்கே நடக்காது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் பைலா என்று எழுத்தில் விதிகள் இருக்கும். சில கட்டடங்களில் பால்கனியில் பார்பிக்யூவே கூடாது. சிலவற்றில் மின்சாரம் மட்டும். சிலவற்றில் கேஸ் சரி, கரி கூடாது. கரி அடுப்பைத் தாராளமாக அனுமதிக்கிற அடுக்குமாடியை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. வாடகைக்கு இருப்பவர்களையும் பைலா கட்டுப்படுத்தும். பிரதி தரவேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். "பால்கனியில் இன்ன வகை பார்பிக்யூ வைக்கலாமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறாரே என்பது அனுமதி ஆகாது, அவர் இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான். விதியை மீறினால் முதலில் நோட்டீஸ் வரும். அதையும் மதிக்காவிட்டால் விவகாரம் என்கேட் (NCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகும், அங்கே 1,100 டாலர் வரை அபராதம் போட முடியும்.

சரி, பதில் வரும்வரை என்ன செய்வது? பூங்காவுக்குப் போங்கள். இந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்த பொதுச் சொத்து இதுதான். பாரமட்டா பார்க், ஹோம்புஷ் பக்கம் பைசென்டெனியல் பார்க், இன்னும் எத்தனையோ இடங்களில் கவுன்சிலோ அரசோ வைத்த மின்சார பார்பிக்யூ மேடைகள் உண்டு. காசு கிடையாது. பொத்தானை அமுக்கினால் எஃகுத் தட்டு சூடாகத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், மறுபடி அமுக்க வேண்டும். நடுவில் அணைந்ததைக் கவனிக்காமல் அரை வேக்காட்டுக் கோழியைப் பரிமாறியவர்களை எனக்குத் தெரியும்.

அங்கே எழுதி வைக்காத சில பழக்கங்கள் இருக்கின்றன. இரண்டு தட்டு இருந்து வேறு குடும்பம் காத்திருந்தால் ஒன்றை விட்டுக்கொடுப்பார்கள். முடித்ததும் தட்டு சூடாக இருக்கும்போதே சுரண்டி, பேப்பர் டவலால் துடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். தட்டின் மேல் கத்தி போட்டு வெட்டக்கூடாது. குக்கர், வாணலி எதையும் ஏற்றக்கூடாது. சைவக்காரர்கள், ஹலால் பார்ப்பவர்கள் பேக்கிங் பேப்பரோ அலுமினிய ஃபாயிலோ ஒரு சுருள் கொண்டுபோய் விரித்து அதன் மேல் சமைக்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை, இங்குள்ளவர்களே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஜனவரி 26 (ஆஸ்திரேலியா தினம்) போன்ற விடுமுறை நாளில் மட்டும் காலை ஏழு மணிக்கே ஆள் அனுப்பி இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

அந்தத் தட்டில் தோசை வார்க்கலாமா என்று எல்லாத் தமிழருக்கும் ஒரு தடவை தோன்றும். நானும் மாவு கொண்டுபோனேன். கொழுப்பு வழிந்து போவதற்காகத் தட்டை ஒரு துளையை நோக்கிச் சற்றுச் சரிவாகத்தான் அமைத்திருப்பார்கள். மாவு நேராக அந்தத் துளைக்குப் போய்ச் சேர்ந்தது. குட்டி குட்டியாகக் கெட்டி மாவில் ஊத்தப்பம் ஊற்றினால் நிற்கும். தோசைக்கு ஆசைப்படாதீர்கள்.

பூங்காவில் நாலைந்து தடவை சமைத்த பிறகு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு பெரிய அடுப்பு தேவை என்று தெரிந்துவிடும். நாலு பர்னர் வேண்டவே வேண்டாம். நாலு பேர் குடும்பத்துக்கு மூடியோடு கூடிய சின்னது, வெபர் பேபி கியூ அளவில் ஒன்று, தாராளம். இங்கே தெருவுக்குத் தெரு அதைத்தான் பார்ப்பீர்கள். மூடி முக்கியம். மூடினால் அது அடுப்பு மட்டுமல்ல, ஒரு சின்ன அவன். முழுக் கோழியே வேகும். புகையும் குறையும், காற்றடிக்கும் பால்கனியில் சூடும் நிற்கும். பைலா கேஸைத் தடுத்தால் மின்சார கிரில் வாங்குங்கள். சாதாரண சுவர் பிளக் 10 ஆம்பியர்தான், அதாவது சுமார் 2,300 வாட். அதனால் மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். கரி வாசனை வராது, உண்மைதான். ஆனால் மேல் வீட்டுக்காரர் கொடியில் காயும் துணியிலும் அந்த வாசனை வராது.

புதுக் கட்டடங்களில் பால்கனிச் சுவரிலேயே ஒரு கேஸ் இணைப்பு வாய் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் வருவது குழாய் வழி இயற்கை எரிவாயு. கடையில் பெரும்பாலும் விற்பது சிலிண்டர் கேஸுக்கான அடுப்பு. இரண்டுக்கும் அழுத்தம் வேறு, பர்னரில் கேஸ் வரும் துளையின் அளவும் வேறு. ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. இயற்கை எரிவாயு என்று குறிப்பிட்ட மாடலைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அந்த அடுப்பு மாற்றத் தக்கதுதானா என்று பார்த்து உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டரை வைத்து மாற்றுங்கள். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

சிலிண்டர் விஷயம். ஊரில் 14.2 கிலோ சிலிண்டர் தோளில் ஏறி வாசலுக்கே வரும். இங்கே நாமே 9 கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பன்னிங்ஸ் என்ற வன்பொருள் கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ போய், காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்க வேண்டும். முப்பது டாலரை ஒட்டி ஆகும். காரில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், நேராக வீட்டுக்கு வாருங்கள். வெயிலில் காரைப் பூட்டி அதை உள்ளே விட்டுவிட்டு ஷாப்பிங் போகாதீர்கள். வீட்டுக்குள் வைக்கக்கூடாது, அடித்தளக் கார் பார்க்கிங்கில் உள்ள ஸ்டோரேஜ் கூண்டிலும் கூடாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். சிலிண்டர் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். அதிலிருந்து பத்து வருடம் தாண்டினால் நிரப்பித் தரமாட்டார்கள். பழையதை யாராவது சும்மா கொடுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கம்ட்ரீ என்ற பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் பார்பிக்யூ வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். சிலிண்டர் வாய் இப்போது மாறிவிட்டது. பழைய வகை இடப்பக்கம் திருப்பினால் இறுகும், ஸ்பானர் பிடிப்பார்கள். புது வகை சாதாரணமாக வலப்பக்கம் கையாலேயே இறுக்குவது. பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு புது சிலிண்டரோடு மல்லுக்கட்டாமல், ஹோஸும் ரெகுலேட்டரும் சேர்ந்த புதிய செட் ஒன்று வாங்கிவிடுங்கள். மாட்டியதும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி இணைப்புகளில் தடவி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, ஒரு குவளை வெந்நீரைச் சிலிண்டர் பக்கவாட்டில் ஊற்றித் தடவிப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து சில்லென்று இருக்கிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது.

இனி என் கதை. அப்போது மூன்றாவது மாடியில் இருந்தோம். சுத்தம் செய்யச் சோம்பல்பட்டு, அடுப்பின் அடித்தட்டு முழுக்க ஃபாயில் விரித்துவிட்டேன். கொழுப்பு கீழே தட்டில் சொட்டுவதற்கான துளையையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தோலோடு கோழித் தொடை ஒன்றரைக் கிலோ, தயிரும் எண்ணெயும் தாராளமாக ஊறியது. இருபதாவது நிமிடத்தில் தேங்கிய கொழுப்பு பற்றிக்கொண்டது. நான் தண்ணீருக்கு ஓடினேன். பக்கத்து பால்கனி லெபனான்காரர் "தண்ணி வேண்டாம்! கேஸை மூடு, மூடியைப் போடு!" என்று கத்தினார். அவர் புண்ணியத்தில் தீ அடங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். வீடு முழுக்கப் புகை, ஹாலில் அலாரம் கத்துகிறது. புகை வெளியே போகட்டும் என்று வாசற்கதவைத் திறந்துவிட்டேன். இதைத்தான் செய்யவே கூடாது. வீட்டுக்குள் இருக்கும் அலாரம் பெரும்பாலும் நமக்கு மட்டும் கேட்பது. காரிடாரில் இருப்பதோ நேராகத் தீயணைப்புத் துறையோடு இணைந்தது. இரண்டு நிமிடத்தில் மொத்தக் கட்டடமும் அலறியது. அறுபது வீட்டுக்காரர்களும் நடைபாதையில் நின்றார்கள், கூடைக்குள் பூனையோடு ஒரு பாட்டி உட்பட. என் உடம்பெல்லாம் மசாலா வாசனை, யார் என்று விசாரிக்கவே தேவைப்படவில்லை. பொய் அலாரத்துக்கான கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல், ஸ்ட்ராட்டா வழியாக என் தலையில் வந்து விழுந்தது. புகை வந்தால் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் திறங்கள், வாசற்கதவை மூடியே வைத்திருங்கள். தீ அடங்காவிட்டால் மட்டும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு அவசர எண் 000 அழையுங்கள்.

சமையலுக்கு வருவோம். நம் மசாலா தணலுக்குச் சரிப்பட்ட அளவுக்கு நேர் தீக்குச் சரிப்படாது. மிளகாய்த்தூள் சீக்கிரம் கருகும், கருகினால் அக்கம்பக்கம் முழுக்க இருமல். அதனால் ஒரு பக்க பர்னரை மட்டும் எரியவிட்டு, கோழியை மறுபக்கம் வைத்து மூடிவிடுங்கள். உங்கள் அடுப்பில் ஒரே பர்னர் என்றால் தீயைக் குறைத்து, கம்பிக்கும் கோழிக்கும் நடுவே ஒரு ஃபாயில் தட்டு. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் நேர் தீ. வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், மஞ்சளும் மிளகாயும் போட்ட கோழி பச்சையாக இருக்கும்போதே வெந்த நிறத்தில்தான் இருக்கும். இருபது டாலருக்குக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் கிடைக்கும், தடித்த இடத்தில் 75 டிகிரி காட்ட வேண்டும். பச்சைக் கறி கொண்டுவந்த தட்டிலேயே வெந்த கறியை எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் கறியைவிடக் கத்திரிக்காய்க்குத்தான் இந்த அடுப்பு. இங்கே கிடைக்கிற பெரிய கருநீலக் கத்திரிக்காயை எண்ணெய் தடவி, நாலு இடத்தில் குத்தி, முழுசாக வைத்து மூடுங்கள். அரை மணி நேரத்தில் பை மாதிரி தொங்கிப்போகும். தோலை உரித்து, பச்சை மிளகாய், புளி, உப்பு, சின்ன வெங்காயம் போட்டுப் பிசைந்தால், மின்சார அடுப்பு மட்டுமே உள்ள வீட்டில் ஆறு மாதமாக வராத ருசி வரும். மெரினா மாதிரி சோளமும் சுடலாம், மேலே எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும்.

யாராவது ஆஸ்திரேலியர் வீட்டு பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டு "பிரிங் எ பிளேட்" என்றால், காலித் தட்டோடு போகாதீர்கள். ஏதாவது சமைத்து எடுத்து வா என்று அர்த்தம். என் நண்பர் ஆறு காலித் தட்டு, கூடவே ஸ்பூனும் கொண்டுபோனார்.

தீத் தடை நாளில் சமைக்கலாமா, மூடிய பால்கனியில் வைக்கலாமா, கரியை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று முன்பு கேட்டவர்களுக்கான பதில்கள். கோடையில் மொத்தத் தீத் தடை அறிவிக்கும் நாள்களில் கரி, விறகு எதுவும் கூடாது. வீட்டில் கேஸ், மின்சார அடுப்பு மட்டும், வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள், சுற்றி 2 மீட்டர் சுத்தமாக வைத்து, தண்ணீர் தயாராக, பெரியவர் ஒருவர் கூடவே நின்று பயன்படுத்தலாம். வெளியே கிளம்பும் முன் கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி, பால்கனி அல்ல, அறை. அங்கே கேஸோ கரியோ கூடாது. குளிர்காலத்தில் அணைந்ததுபோல் இருக்கும் கரியைக் கதகதப்புக்கு உள்ளே கொண்டுவருவது உயிரோடு விளையாடுவது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது.

மழைக்கு உறை வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்குங்கள். ஆனால் அடுப்பு முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். என் முதல் உறையில் பாதி இன்னும் அந்த மூடியில்தான் ஒட்டியிருக்கிறது.