வீட்டில் செய்த மின்சைக்கிள்: கூலிங் ஃபேனுக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது?

மண்டபத்தான்:
பழைய சைக்கிளில் 48 வோல்ட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருப்பது) மாட்டி நானே செய்த வண்டி. பேட்டரி லித்தியம், 13 வரிசை செல்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தது. விடியற்காலையில் பாம்பனில் மீன் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டியோடு பாலம் ஏறி மண்டபம் வருகிறேன். கச்சான் காற்று எதிரே அடிக்கிற நாளில் பாலத்தின் நடு மேட்டுக்கு வருவதற்குள் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) கைவைக்க முடியாத சூடாகிக் கட் ஆகிவிடுகிறது, ஆறவிட்டால்தான் நகரும். கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு இருக்கிறது, 12 வோல்ட், 0.18 ஆம்பியர். பேட்டரியில் கீழ் மூன்று வரிசையிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் போதும் என்கிறான் கூட்டாளி. செய்யலாமா?

சால்டரிங்_பைத்தியம்:
வேண்டாம் தம்பி. 12 வோல்ட் வரும், அது உண்மைதான். ஆனால் மூன்று மணி நேரம் ஓடினால் அந்த மூன்று வரிசை மட்டும் ஒரு ஆம்பியர்-மணிக்கு மேல் கூடுதலாக இறங்கியிருக்கும், பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கிற சர்க்யூட்) வரிசைகளைச் சமன் செய்வது சில பத்து மில்லியாம்பியரில்தான் என்பதால் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் ஈடுகட்டாது, கொஞ்ச நாளில் மற்ற பத்து வரிசையில் சார்ஜ் இருக்கும்போதே வண்டி நின்றுவிடும்.

மொத்த பேட்டரி வோல்டேஜை 12 ஆகக் குறைக்கிற கன்வெர்ட்டர் போடுங்கள். உங்கள் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட், அதனால் எல்எம்2596 என்று விற்கிற சின்ன நீல போர்டை வாங்கிவிடாதீர்கள், அது 40 வரைதான் தாங்கும். மின்ஸ்கூட்டர் லைட்டுக்குப் போடுகிற, பிசின் ஊற்றி அடைத்த கன்வெர்ட்டர் நல்லது. சாவிக்குப் பிறகு கனெக்‌ஷன், பேட்டரி பக்கம் 1 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு ஃபேனும் சேர்ந்து நாலரை வாட்கூட இழுக்காது, தூரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

மண்டபத்தான்:
சரிண்ணே. நாலு ஃபேனை சீரிஸில் போட்டால் கன்வெர்ட்டரே வேண்டாமே?

தங்கச்சிமடம்_ரைடர்:
நான் போட்டுப் பார்த்தேன். வோல்டேஜ் நாலுக்கும் சமமாகப் பிரியவில்லை, ஒன்று சீறும், ஒன்று திக்கித் திக்கிச் சுற்றும். அப்புறம் தனுஷ்கோடி ரோட்டில் ஒன்றில் மணல் ஏறி வயர் கருகியது, நாலும் போச்சு.

கரைவலை:
ஃபேனை விடுங்கள், முதலில் கன்ட்ரோலரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மாஸ்ஃபெட்டெல்லாம் (மோட்டார் கரண்டை ஆன்-ஆஃப் செய்து சூடாகிற பாகங்கள்) ஒரு அலுமினியப் பட்டையில் வரிசையாக முறுக்கியிருக்கும், அந்தப் பட்டை வெளிக்கூட்டோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு வெளியே வரும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் வெளியே எத்தனை ஃபேன் வைத்தும் பிரயோஜனமில்லை. தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கி, மொத்தத்தையும் காற்றுப் படுகிற இடத்தில் ஒரு கனத்த அலுமினியத் தகட்டில் போல்ட் போடுங்கள். காற்று போகட்டும் என்று கூட்டில் ஓட்டை மட்டும் போடாதீர்கள். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மண்டபத்தான்:
திறந்தேன். பட்டையின் இரண்டு ஸ்க்ரூ கையாலேயே சுற்றுகிறது, ஒன்றின் தலையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பேஸ்ட் போட்டு இறுக்கி, பழைய இட்லித் தட்டை வெட்டித் தகடாக்கினேன் (வீட்டில் இன்னும் தெரியாது). இன்று காலை நிற்காமல் பாலம் தாண்டியாச்சு, இறங்கித் தொட்டேன், வெதுவெதுப்புதான். கன்வெர்ட்டர் வந்துவிட்டது, ஹெட்லைட்டுக்கு மாட்டிக்கொண்டேன்.