ஜாக் சிராக்: இடதுசாரிகள் அழுதார்கள், வலதுசாரிகள் ஏன் கோபிக்கிறார்கள்?

இளங்கோ:
2019 செப்டம்பரில் பிரான்சின் முன்னாள் அதிபர் ஜாக் சிராக் இறந்தபோது, காலமெல்லாம் அவரை எதிர்த்த இடதுசாரிகளே உருகிப்போனார்கள். அவருடைய சொந்த வலது அணியிலோ, 1995 முதல் 2007 வரை 12 ஆண்டுகளை வீணடித்தவர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தீவிர வலதுக்கு அவர் பரம எதிரி. என்னைக் கேட்டால், 2003இல் ஈராக் போருக்கு வரமாட்டோம் என்று அமெரிக்காவிடம் நேராகச் சொன்னாரே, அது ஒன்றே போதும். உங்கள் கருத்து?

செந்தில்:
ஈராக் விஷயத்தில் அவர் செய்தது சரி. அதற்காக மற்றதையெல்லாம் மறந்துவிட முடியாது. பாரிஸ் மேயராக இருந்தபோது, 1991 ஜூனில் ஓர்லியான் நகரில் பேசும்போது ஒரு காட்சியை வர்ணித்தார். பாரிசின் கூத் தோர் பகுதியில் உழைத்துப் பிழைக்கும் ஒரு பிரெஞ்சுத் தொழிலாளி. பக்கத்து வீட்டில் மூன்று நான்கு மனைவிகள், இருபது பிள்ளைகளோடு ஒரு வெளிநாட்டுக் குடும்பம். வேலைக்கே போகாமல் 50,000 பிராங்க் உதவிப்பணம். 'அதோடு சத்தத்தையும் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றார், கூட்டம் கைதட்டியது. நம் தமிழ்க் கடைகள் இருக்கும் பாரிஸ் லாச்சப்பலில் இருந்து கூத் தோர் நடந்து போகிற தூரம்தான். சமைக்கிற வாசனைக்குக்கூட மனிதர்களைக் குற்றவாளி ஆக்கிய பேச்சு அது. இடதுசாரிகள் அதை மறந்தது எனக்கு வருத்தம்.

ராஜன்:
செந்தில், அந்தப் பேச்சு கேவலமானது, அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் என் போன்ற வலதுசாரிகளின் குறை வேறு. அவர் தாக்குப்பிடிக்கவே மாட்டார். 1995 தேர்தலில் 'சமூகப் பிளவை'ச் சரிசெய்வேன் என்று ஓட்டு வாங்கினார். ஆறே மாதத்தில் பிரதமர் அலன் ஜூப்பே சமூகக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் மாற்றப் புறப்பட்டார். ரயிலும் மெட்ரோவும் மூன்று வாரம் நின்றதும் ஓய்வூதிய மாற்றத்தைக் கைவிட்டார்கள். 1997இல், கையில் பெரும்பான்மை இருக்கும்போதே, ஒரு வருஷம் முன்னதாக நாடாளுமன்றத்தைக் கலைத்தார். தேர்தலில் தோற்று, ஆட்சி பிரதமரான சோசலிஸ்ட் ஜோஸ்பன் கைக்குப் போய் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தது.

அப்புறம் 2006. 26 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் இரண்டு ஆண்டுகளில் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்ற 'முதல் வேலை ஒப்பந்தம்'. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே மூச்சில் 'இப்போதைக்கு அமல்படுத்தாதீர்கள்' என்றார். பத்து நாளில் வாபஸ். 2007 அதிபர் தேர்தலில் சார்க்கோசி சொந்தக் கட்சி அதிபரின் ஆட்சியிலிருந்தே விலகி நின்று 'முறிவு' என்று பேசி ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

மாலதி:
ராஜன் அண்ணா, நீங்கள் பலவீனம் என்று சொல்லும் அதே மனிதர் ஒரு விஷயத்தில் அசையவே இல்லை. 1998 வட்டாரத் தேர்தலில் வலது அணியினர் சிலர் தீவிர வலதுசாரி ழான்-மரி லு பென் கட்சியின் ஓட்டோடு வட்டார மன்றத் தலைவர் பதவியில் உட்கார்ந்தார்கள், ரோன்-ஆல்ப்ஸில் ஷார்ல் மியோன் உட்பட. சிராக் தொலைக்காட்சிக்கு வந்து அந்தக் கட்சியை இனவாத, வெளிநாட்டவர் வெறுப்புக் கட்சி என்றார், தன் ஆட்களையும் கண்டித்தார். 2002 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அவருக்கு 19.88 சதவீதம், லு பென்னுக்கு 16.86, ஜோஸ்பனுக்கு 16.18. இரண்டாம் சுற்றில் லு பென்னோடு விவாத மேடையில் உட்கார மறுத்தார். 'பாசிஸ்ட்டுக்கு வேண்டாம், மோசடிக்காரனுக்கே போடுவோம்' என்று இடதுசாரிகள் பதாகை பிடித்து ஓட்டுப் போட்டார்கள். 82 சதவீதம்.

தீவிர வலதின் கோபம் அதனால் மட்டும் இல்லை. 1942 ஜூலையில் பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 13,000 யூதர்களைக் கைதுசெய்தது பிரெஞ்சுப் போலீஸ். அப்போது நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு வேறு, பிரான்ஸ் வேறு என்பதே, சிராக்குக்கு முந்தைய சோசலிஸ்ட் அதிபர் மித்தரோன் வரை எல்லோரும் சொன்னது. 1995 ஜூலை 16இல் சிராக்தான் அந்தப் பழியை பிரெஞ்சு அரசின் பழி என்று ஏற்றார். அதை ஒரு சோசலிஸ்ட் அதிபர் செய்யவில்லை.

செந்தில்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 82 சதவீதத்தில் பாதிக்கு மேல் அவருடையது இல்லையே! ஓட்டைக் கொடுத்த இடதுசாரிகளுக்கு அரசில் இடமே இல்லை, முழுக்க வலது அமைச்சரவை. மறு வருஷமே அரசு ஊழியர்களின் ஓய்வூதியச் சேவைக்காலத்தை 37.5 ஆண்டிலிருந்து 40க்கு உயர்த்தினார்கள். மோசடிக்காரன் என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. செய்யாத வேலைக்குக் கட்சிக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த பாரிஸ் மாநகராட்சிப் போலி வேலை வழக்கில் 2011இல் இரண்டு ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை வந்தது. அதிபர் பதவிக் காப்பு 2007 வரை அவரைப் பாதுகாத்தது.

இளங்கோ:
மரண தண்டனையையும் சேருங்கள். 1981இல் மித்தரோன் அரசு அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சியில் இருந்த சிராக் ஆதரித்து ஓட்டுப் போட்டார். அவர் அணியில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2007இல் அதை அரசியல் சட்டத்திலேயே எழுதவைத்தார்.

ராஜன்:
அதுதான் என் ஆதங்கம் இளங்கோ. இடதுசாரிகள் பாராட்டும் எல்லாவற்றிலும் உறுதி, எங்களுக்குக் கொடுத்த வாக்கில் மட்டும் தள்ளாட்டம்.

மாலதி:
கொடுத்த வாக்கில் ஒன்றையாவது காத்தாரே அண்ணா, தீவிர வலதோடு சேராமல். சிராக்கின் இறுதிச் சடங்குக்கு வருவேன் என்ற, லு பென்னின் மகள் மரீன் லு பென்னைக் குடும்பம் விரும்பவில்லை என்று தெரிந்து அவர் வராமல் நின்றார். 2024 ஜூனிலோ, சிராக் தொடங்கிய கட்சியின் வாரிசான ரிபப்ளிக்கன் கட்சித் தலைவர் எரிக் சியோத்தி அதே மரீன் லு பென் கட்சியோடு கூட்டு என்று அறிவித்தார். மறுநாளே அவரை நீக்கத் தீர்மானம் போட்டவர்கள் அவர் கட்சித் தலைவர்கள்தான், இடதுசாரிகள் இல்லை. தீவிர வலதோடு சேரக்கூடாது என்ற அந்த எல்லைக்கோட்டை உங்கள் அணிக்குப் போட்டுக் கொடுத்தவர் சிராக். அது வலதுசாரிகளுக்கும் சேர்த்துச் செய்த வேலை என்றே நான் நினைக்கிறேன்.