துல்சா துப்பாக்கிக் கண்காட்சி: எல்லா மேசையிலும் 4473 படிவம் கேட்பார்களா?

துல்சாவாசி:
புதியவர் ஒருவருக்கு டெக்சஸின் பிளேனோ ஊர் நண்பர் நேற்று சொன்ன அறிவுரையைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. ஓக்லஹோமாவின் துல்சா துப்பாக்கிக் கண்காட்சியில் எந்த மேசையில் வாங்கினாலும் விற்பவர் 4473 படிவத்தை (துப்பாக்கி வாங்குபவர் தன்னைப் பற்றி நிரப்பித் தரும் மத்திய அரசுப் படிவம்) நீட்டுவாராம், எப்.பி.ஐ. பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் துப்பாக்கியைத் தரமாட்டாராம். தவறு. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். ஏப்ரல், நவம்பர் கண்காட்சிகள் இரண்டுக்கும் தவறாமல் போகிறேன். 11 ஏக்கர் பரப்பில் 4,000க்கு மேற்பட்ட மேசைகள். துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற கடைக்காரர் படிவம் கேட்பார். அப்பா விட்டுச்சென்ற நான்கு துப்பாக்கிகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெரியவர் கேட்கமாட்டார்.

பிளேனோக்காரன்:
வியாபாரி என்றால் படிவம் உண்டு. 1993 பிரேடி துப்பாக்கிச் சட்டத்தின்படி 1998 நவம்பர் முதல் உடனடிச் சரிபார்ப்பு நடக்கிறது. 2022இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். லாபத்தையே முக்கிய நோக்கமாகக் கொண்டு விற்பவர் உரிமம் எடுத்தாக வேண்டும். சென்ற நவம்பரில் மூன்று மேசைகளில் விசாரித்தேன். மூன்றிலும் படிவம் கேட்டார்கள்.

துல்சாவாசி:
4,000 மேசைகளில் மூன்று! அந்த மூன்றும் கடைப் பெயர்ப்பலகை தொங்கவிட்ட மேசைகளாகத்தான் இருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கடைசி வரிசையில் ஒரு பெரியவர். மேசைமேல் பழைய கம்பளி. அதன்மேல் 1894 மாதிரி வின்செஸ்டர் நீள்துப்பாக்கி ஒன்று, கைபட்டுக் கைபட்டுக் கட்டை கறுத்துப்போயிருந்தது. சுட முடியாதபடி வாசலில் கட்டிய பிளாஸ்டிக் பட்டை விசையருகில் அப்படியே இருந்தது. வாங்க வந்தவரிடம் ஓக்லஹோமா ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார், பணத்தை இரண்டு முறை எண்ணினார், கொடுத்துவிட்டார். படிவம் கேட்கவில்லை.

பழம்பொருள் பித்தன்:
எந்த ஆண்டில் செய்தது அது? 1898க்குள் செய்ததென்றால் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது தொல்பொருள். உரிமக் கடைக்காரர் விற்றாலும் அதற்குப் படிவம் கிடையாது. வரிசை எண்ணைப் பார்க்காமல் அந்தத் துப்பாக்கியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். இந்த மாதிரியைப் பிறகும் பல பத்தாண்டுகள் செய்தார்கள்.

துல்சாவாசி:
வரிசை எண் எனக்கு எதற்கு? பெரியவர் படிவம் கேட்டாரா, இல்லையா? கேட்கவில்லை.

பிளேனோக்காரன்:
அப்படியானால் அவர் வியாபாரி அல்ல.

துல்சாவாசி:
மேசைக்கு வாடகை கட்டியிருக்கிறார். விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார். வேறென்ன வேண்டும்?

புதியவன்:
ஐயா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். படிவம் கேட்காத மேசையில் நான் வாங்கலாமா?

பழம்பொருள் பித்தன்:
கூடாது தம்பி! அமெரிக்க மாநிலம் ஏதேனும் ஒன்றில் எடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு உங்களிடம் இல்லாவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். படிவம் கேட்காததால் சட்டம் மாறிவிடாது. இந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பத்தான் இருவரும் சண்டை போடுகிறீர்களா?

பிளேனோக்காரன்:
இதைத்தான் நான் சொல்கிறேன். படிவம் உண்டு என்று எழுதினால் பையன் பிழைத்துக்கொள்வான்.

துல்சாவாசி:
பொய்யைச் சொல்லிப் பிழைக்க வைக்க வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள். டெக்சஸ்வாசியான உங்களுக்கு அந்தப் பெரியவர் விற்கவே முடியாது. உரிமம் இல்லாதவர் வேறு மாநிலத்தவருக்கு விற்கக் கூடாது. உரிமக் கடைக்காரரும் கைத்துப்பாக்கியை உங்கள் கையில் தரமாட்டார், டெக்சஸ் கடைக்குத்தான் அனுப்புவார். துல்சா மேசைகளைப் பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்! ஞாயிறு மதியம் விலை பாதியாகும் என்று சென்ற ஆண்டு எழுதியவரும் நீங்கள்தான். அதை நம்பிக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு ஆள்கள் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது உலர்ந்த மாட்டிறைச்சிப் பொட்டலம் இரண்டு.

பிளேனோக்காரன்:
பாதி என்று எழுதவில்லை, குறையும் என்றுதான் எழுதினேன். எனக்கு ஒரு தோலுறை பத்து டாலர் குறைத்துக் கொடுத்தார்கள். பேரம் பேசத் தெரியாதது உங்கள் குறை.

பழம்பொருள் பித்தன்:
தோலுறைக்கும் படிவத்துக்கும் என்ன சம்பந்தம்? வரிசை எண்ணை யாராவது சொல்லுங்கள்.

பிளேனோக்காரன்:
மறுபடியும் சொல்கிறேன்: வியாபாரி என்றால் படிவம்.

துல்சாவாசி:
நானும் சொல்கிறேன்: கம்பளி விரித்த மேசை, கடைசி வரிசை. நின்று பார்த்தவன் நான். கேட்கவில்லை.