புதுப்பிப்பு: காலை வழிபாட்டில் ஒரு பெயர்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண்ணுக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் மட்டும்தான் பரிசு, மற்ற பிள்ளைகள் கைதட்ட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. காலை வழிபாட்டில் தினம் ஒருவரைப் பாராட்டுங்கள் என்று நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன்.

முதல் வாரம் சொதப்பல். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொன்னால் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். ஒழுகிய குழாயில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்து சொன்ன நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

நான் எதிர்பார்க்காதது சமையல் அக்கா விஷயம். 2022-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே காலை உணவுத் திட்டம், அதற்காக மகளிர் குழுவிலிருந்து வந்து விடியும் முன்பே அடுப்பு மூட்டுபவர். பிள்ளைகள் ஒதுக்கிவைக்கும் கேரட்டை அவர் கிச்சடியில் துருவிப் போட ஆரம்பித்ததைச் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு டீச்சர் இதெல்லாம்" என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் கிச்சடியில் முந்திரி! சொந்தக் காசாகத்தான் இருக்கும்.

தலைமை ஆசிரியர் நேரம் போகிறது என்கிறார். சரி, இப்போதைக்கு வாரம் மூன்று நாள்.